நின்னுருச்சு, போயிருச்சு

காணாமல் போன ஆளின் பெயர் வெள்ளரிக்காய் என்று அந்தப் பெண் சொன்னதும், நோட்டில் எழுதிக்கொண்டிருந்த சேவியர் பேனாவை மூடிவிட்டார்.

"அப்பா பேரு பூசணிக்காயாம்மா?"

"அண்ணே," என்றாள் பாண்டிச்செல்வி. அந்த ஒரு சொல்லை அவள் ஆறு விதமாகச் சொல்வாள். இப்போது சொன்னது, வாயை மூடுங்கள் என்பது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பூட்டுக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது பாண்டிச்செல்வியின் துப்பறியும் ஆபீஸ். பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஊர் ஊராய்ப் போய் க்ளெய்ம் விசாரித்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. வருவதில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்னாடி ஏதாவது உண்டா, இப்படி. அவளுக்கு உதவிக்கு இருக்கும் சேவியர் பத்தொன்பது வருஷம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முட்டி போனதும் வண்டியை விட்டு இறங்கினார். வாய் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் நுஸைபா. இருபத்தேழு வயசு. பேகம்பூரில் அம்மா வீட்டோடு இருந்துகொண்டு பிளவுஸ் தைக்கிறாள். கல்யாணம் முறிந்து திரும்பி வந்த பிறகு வீட்டைத் தாண்டி அதிகம் வெளியே வராதவள். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

"அவரு நெஜப் பேரு தெரியாது மேடம். ஊரு தெரியாது. போன் நம்பர் கெடையாது. மொகம் பாத்ததில்ல. கொரல்கூடக் கேட்டதில்ல."

"பின்ன என்னதாம்மா தெரியும்?"

"நல்லவருன்னு தெரியும்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போனில் 'கருங்காடு' என்று ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் உள்ளே வருவார்கள். ஆளுக்கொரு பொம்மை. காட்டுக்குள் மிருகம் துரத்தும், சேற்றில் கால் மாட்டும், எதிராளி அடிப்பான். தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் மூலையில் ஒரு சிவப்புக் கை இருக்கும். அதை அமுக்கினால் நம்முடைய நண்பர் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தகவல் போகும். வர விருப்பம் இருக்கிறவன் அதைத் தொட்டால் நம் பக்கத்தில் வந்து நிற்பான்.

"நான் கண்டக்டரா இருந்தப்ப கை காட்டுனா வண்டி நிக்கும்," என்றார் சேவியர். "இதுல கை காட்டுனா ஆளே வருதா? முன்னேற்றம்தான்."

"எல்லாருக்கும் வராது அண்ணா. புதுசா வந்தவங்களுக்கு லிஸ்ட்டு கெடையாது, அந்தப் பக்கம் திரியிறவங்களுக்குத்தான் சேதி போகும். யாரு வருவா? நான் மொத வாரம் சேத்துல மாட்டிக்கிட்டு அமுக்கி அமுக்கிப் பாத்தேன். எல்லாரும் பாத்துட்டுப் போறாங்க. அப்ப இவரு வந்தாரு. வெள்ளரிக்கான்னு பேரு போட்டிருந்துச்சு. தூக்கிவிட்டாரு. எப்படி நடக்கணும்னு சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு வருசத்துல எம்பது தடவ கூப்பிட்டிருப்பேன். ஒரு தடவகூட வராம இருந்ததில்ல. எனக்கு மட்டும் இல்ல, யாரு கூப்பிட்டாலும் போவாரு."

"பதிலுக்கு என்ன கேட்டாரு?" பாண்டிச்செல்வியின் பழைய தொழில் புத்தி கேட்டது.

"அதான் மேடம். ஒண்ணும் கேக்கல. பேரு கேக்கல, நம்பர் கேக்கல, போட்டோ அனுப்புன்னு சொல்லல. எழுத்துல ரெண்டு வார்த்தை பேசுவாரு, அம்புட்டுதான். ஒரு ஆம்பள ரெண்டு வருசம் ஒண்ணும் கேக்காம இருந்தா, அது அதிசயம் இல்லையா?"

சேவியர் வாயைத் திறந்தார். பாண்டிச்செல்வி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"பத்தொம்பது நாளைக்கு முன்னாடி," நுஸைபாவின் குரல் கீழே இறங்கியது, "செவ்வாக்கெழம பகல் பதினொண்ணு இருபதுக்கு அவரு கை அமுக்குனாரு. ரெண்டு வருசத்துல மொத தடவ."

"நீ போனியா?"

அவள் மடியில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கல்யாண ஆர்டர். லைனிங் வெட்டிக்கிட்டு இருந்தேன். பாத்தேன் மேடம். அவரு லிஸ்ட்ல நாப்பத்திமூணு பேரு இருக்கோம். யாராச்சும் போவாங்கன்னு நெனச்சேன். அன்னையில இருந்து ஆளே வரல. மத்தவங்களக் கேட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. யாராச்சும் போயிருப்பாங்கன்னு நெனச்சோம்னு."

"இது எங்க வண்டியில தெனம் நடக்கும்மா," என்றார் சேவியர். "டிக்கெட்டுன்னா, 'பின்னாடி எடுப்பாங்க'ன்னு கை காட்டுவான். பின்னாடி போனா 'முன்னாடி எடுத்தாச்சு'ம்பான். கடைசியில எறங்குறப்ப பாத்தா ஒருத்தனும் எடுத்திருக்க மாட்டான்."

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அந்தக் காட்டுல எந்த எடத்துல இருந்து கூப்பிட்டாரு? அது தெரியுமா?"

"தெரியும் மேடம். கூடாரத்துல இருந்து."

"அங்க என்ன ஆபத்து வரும்?"

"ஒண்ணும் வராது. காயம்பட்டவங்க வந்து ஆறுற எடம். மிருகம் வராது. யாரும் யாரையும் அடிக்க முடியாது."

"பகையே வராத எடத்துல நின்னுக்கிட்டு ஒருத்தன் எதுக்குக் காப்பாத்துங்கன்னு கூப்பிடணும்?"

நுஸைபா நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை அவள் தன்னிடமே கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "கை தவறிப் பட்டிருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

"எத்தன தடவ பட்டுச்சு?"

"பதினாலு தடவ."

சேவியர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

---

நுஸைபா போனைக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி வருகிறேன் என்று பின்பக்கம் போனாள். வெள்ளரிக்காயும் அவளும் எழுதிக்கொண்டது அத்தனையும் அதில் இருந்தது. பாண்டிச்செல்வி மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இன்சூரன்ஸ் வேலையில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஜனங்கள் சொல்கிற சேதியில் பொய் இருக்கலாம். சொல்கிற நேரத்தில் அவ்வளவு சுலபமாகப் பொய் நுழையாது.

அந்த மனிதர் அதிகம் எழுதவில்லை. 'இடது பக்கம் வா.' 'பயப்படாத.' 'செத்த நேரம் இரு.' ஆனால் இரண்டு வார்த்தை மட்டும் நாள் தவறாமல் வந்தது.

நின்னுருச்சு. ஏழெட்டு நிமிஷம் கழித்து: போயிருச்சு.

"கரண்டு," என்றார் சேவியர் எட்டிப் பார்த்து. "இதுக்கு எதுக்கு மேடம் துப்பறியும் மூளை? கரண்டு நின்னுருச்சு. நம்ம பக்கம் கெடைக்கிற ஒரே இலவசம் அதுதான்."

"கரண்டுன்னா 'போயிருச்சு'ன்னு முதல்ல வரணும். அப்புறம் 'வந்துருச்சு'ன்னு வரணும். இது தலைகீழா இருக்கே. முதல்ல நிக்குது. அப்புறம் போகுது. எதுண்ணே நின்னுட்டுப் போகும்?"

"பஸ்ஸு."

"பஸ் நின்னா இவரு எதுக்கு வெளையாட்டை விட்டுட்டு ஓடணும்? அதுவும் எட்டு நிமிஷம்?"

சேவியர் காதைச் சொறிந்தார். பாண்டிச்செல்வி ஒரு தாளில் நேரங்களை எழுதினாள். காலை ஏழே முக்கால். பத்து பத்து. பன்னிரண்டே கால். மூன்றரை. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் என்று வித்தியாசமே இல்லை. மழை கொட்டிய ஒரு நவம்பர் நாளில் மட்டும், வழக்கமான நேரம் எல்லாம் முக்கால் மணி தள்ளித் தள்ளி வந்திருந்தது.

தாளைப் பார்த்த சேவியரின் முகம் மாறியது.

"பத்து பத்து..." என்று முணுமுணுத்தார். "மேடம், இந்த நேரம் எனக்குத் தெரியும். மூளைக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும். கொடைரோடு ட்ரிப்புல தெனம் இந்த நேரத்துக்குத்தான் கேட்டுல நிப்பேன். மருதைக்குப் போற ரயிலு. கேட் போட்டா எட்டு நிமிஷம்."

"ரயில்வே கேட். வண்டியெல்லாம் வரிசையா நின்னுரும். இவரு வெளையாட்டை விட்டுட்டு வண்டி வண்டியா ஓடுவாரு. எதுக்கு?"

"வெள்ளரிக்கா விக்க!" சேவியர் மேஜையைத் தட்டினார். "உப்பு மொளகாப்பொடி தடவி, ஜன்னல் வழியா நீட்டுவானுக. ரயில் போனதும் வண்டியும் போயிரும். அட, ஆளு பேரைச் சொல்லல, தொழிலைச் சொல்லியிருக்கான்."

"எந்த கேட்டு?"

"அந்த ரோட்டுல எங்க காலத்துல மூணு கேட்டு. மொதல்ல இருந்த கேட்டுல பாலம் கட்டி வருசக்கணக்காச்சு. ரெண்டாவது இன்னும் இருக்கு. மூணாவது கன்னிமார்பட்டி கேட்டு. அதை இப்பத்தான், வைகாசியில, மூடிட்டு அடியில சுரங்கப்பாதை போட்டாங்க."

பாண்டிச்செல்வி போனைக் கீழே தள்ளினாள். மே மாதம் இருபதாம் தேதி வரை நின்னுருச்சு, போயிருச்சு. மறுநாளிலிருந்து ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு அந்த மனிதர் காலையில் வந்தால் பொழுது சாய்கிறவரை காட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். யார் கூப்பிட்டாலும் போயிருக்கிறார். வெளியே யாரும் அவரைக் கூப்பிடவில்லை போல.

முகம் கழுவி வந்த நுஸைபாவிடம் போனைத் திருப்பிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "வண்டி எடுங்கண்ணே," என்றாள்.

---

சேவியரின் ஸ்கூட்டர் சின்னாளப்பட்டி சேலைக்கடை போர்டுகளைத் தாண்டும்வரை வாயும் கூடவே ஓடியது. அம்பாத்துரை தாண்டி டீக்கு நிறுத்தினபோது பாண்டிச்செல்வியின் போன் அடித்தது. நுஸைபா.

"அக்கா! பச்சை எரியுது!"

மேடம் அக்கா ஆகியிருந்தாள்.

"என்ன பச்சை?"

"அவரு பேருக்குப் பக்கத்துல! உள்ள வந்தா பச்சை வரும். இப்ப வந்திருக்காருக்கா. கூடாரத்துல நிக்கிறாரு. அல்லாவே, நல்லாத்தான் இருக்காரு!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நான் ஓடிப்போய் பக்கத்துல நின்னுட்டேன்."

பாண்டிச்செல்வி தன்னை அறியாமல் சிரித்தாள். சேவியர் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினார். "கேஸ் முடிஞ்சுச்சு. ஆளு எங்கயோ மாமியா வீட்டு விருந்துக்குப் போயிருக்கான். திரும்பிப் போறப்ப பிரியாணி உங்க கணக்கு."

"என்ன சொல்றாரு நுஸைபா? எங்க போயிருந்தாராம்?"

"இன்னும் பதில் போடலக்கா. எழுதியிருக்கேன். பாப்பாரு."

"அவரு பொம்மை என்ன செய்யுது?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"சும்மா நிக்கிதுக்கா. அப்பப்ப சொவத்துல போய் முட்டுது. திரும்பி நிக்கிது. மறுபடியும் முட்டுது. புதுசா வந்தவங்க நடக்கத் தெரியாம செய்வாங்கல்ல, அந்த மாதிரி."

பாண்டிச்செல்வி பாதி டீயைக் கீழே ஊற்றினாள்.

"அந்தக் கையை அமுக்கினா எழுத்து மட்டும்தான் போகுமா? பேச்சும் கேக்குமா?"

"கை அமுக்கினா மைக் தானா தெறந்துக்கும்க்கா. பக்கத்துல போய் நின்னா அவங்க பேசுறது நமக்குக் கேக்கும். ஏன்க்கா?"

"அப்புறம் கூப்பிடுறேன்."

மீதி வழியில் சேவியர் எதுவும் பேசவில்லை. அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பார்.

---

கன்னிமார்பட்டி கேட் இருந்த இடத்தில் இப்போது தண்டவாளத் துண்டுகளை நட்டு ரோட்டை அடைத்திருந்தார்கள். அதுவரை வந்த தார் ரோடு முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் புல் முளைத்துவிட்டது. புது ரோடு அரை மைல் தள்ளி வளைந்து போய் சுரங்கப்பாதைக்குள் இறங்கியது. அங்கே தேங்கிய மழைத் தண்ணீரில் வண்டிகள் ஊர்வது சிறியதாகத் தெரிந்தது. இங்கே ஒரு நாய்கூட இல்லை.

அடைபட்ட ரோட்டின் ஓரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை வீடு. வாசலில் தார்ப்பாய் மூடிய தள்ளுவண்டி. அதன் டயரில் காற்று இறங்கியிருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். அறுபது வயசு இருக்கும். இடுப்பு நிமிரவில்லை. மற்றொரு கையில், உடைந்த மூடிக்கு ரப்பர் பேண்ட் போட்ட ஒரு போன்.

"வந்துட்டீகளா?" என்றாள்.

பாண்டிச்செல்வி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "யார எதிர்பாத்தீங்கம்மா?"

"கை அமுக்குனா வருவாகள்ல, அந்த ஆளுகதான நீங்க? எம் மகன் சொல்லுவான். கைய அமுக்குனா எங்க இருந்தாலும் வந்துருவாகன்னு." அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ஊரு இம்புட்டு தூரமா தாயி?"

பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ சாவு வீட்டுப் படி ஏறியவள் பாண்டிச்செல்வி. இந்தப் படியில் அவள் கால் வைக்கவில்லை. சேவியர்தான் கேட்டார், மெதுவாக: "மகன் எங்கம்மா?"

அந்த அம்மா உள்ளே கையைக் காட்டினாள். தகரப் பெட்டியின் மேல் ஒரு போட்டோ. சந்தனப்பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு. மாலை காய்ந்திருந்தது.

அவள் பெயர் சோலையம்மாள். மகன் ஆனந்த்ராஜ், முப்பத்தாறு வயசு. பதினாலு வருஷமாக அந்த கேட்டில் வெள்ளரிக்காயும் கொய்யாவும் விற்றவன். கேட் மூடிய நாளிலிருந்து வியாபாரம் இல்லை. சுரங்கப்பாதைப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தான். அங்கே எந்த வண்டியும் நிற்பதில்லை. திரும்பி வந்து திண்ணையில்லாத வாசலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கஞ்சிய ஊத்தி வச்சா அப்படியே வச்சிட்டு அதுக்குள்ள போயிருவான். யாருடா அப்பு கூப்பிட்டாம்பேன். 'தெரியாதும்மா, யாரோ மாட்டிக்கிட்டாங்க'ம்பான். இந்தச் செவப்புக் கைய எனக்குக் காட்டுவான். அவனுக்கு வேற வேல இல்ல. அது ஒண்ணுதான் வேல."

"அன்னைக்கி என்னம்மா நடந்துச்சு?"

"வெஞ்சனத்துக்குக் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். இவன் இங்கனதான் உக்காந்து வெளையாடுறான். டக்குனு சாஞ்சுட்டான். வாயி ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு. பேச்சு வரல. கண்ணு மட்டும் என்னயவே பாக்குது." சோலையம்மாள் அழவில்லை. பலமுறை தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையாக அதைச் சொன்னாள். "வாசலுக்கு ஓடியாந்தேன். முன்னல்லாம் எந்நேரமும் இங்கன பத்து வண்டி நிக்கும் தாயி. ஆம்புலன்சே நிண்டிருக்கு, எத்தனையோ தடவ. அன்னைக்கி ஒரு காக்கா இல்ல. அந்தச் சொரங்கப்பாதைப் பள்ளம் வரைக்கும் போவோம்னு பாத்தேன். இந்த இடுப்ப வச்சிக்கிட்டுப் போயி வர ஒரு மணி நேரம் ஆகும். அவன அப்படியே போட்டுட்டு எப்படிப் போவேன்?"

"போன்ல யாரையும் கூப்பிடலையா?"

"அவன் போட்டுக் குடுத்தா பேசுவேன். அன்னைக்கி அதுல காடுதான் தெரிஞ்சுச்சு. எதை அமுக்கணும்னு எனக்குத் தெரியல. இந்தக் கை தெரியும். அதை அமுக்குனேன். உள்ள பாத்து சத்தம் போட்டேன். அய்யா, எம் மகன் விழுந்துட்டான், கன்னிமார்பட்டி கேட்டு வீடு, வாங்கய்யான்னு. ஆளு வரல. மறுபடி அமுக்குனேன். மறுபடி கத்துனேன். அவன் அம்புட்டுப் பேருக்கு ஓடுனவன். ஒருத்தராச்சும் வருவாகன்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம்மா?"

"ரெண்டு மணிக்கு ஆடு பத்திக்கிட்டு ஒரு பையன் வந்தான். அவன் போன் பண்ணி வண்டி வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசுரு இருந்துச்சுன்னாக."

பதினொன்று இருபதிலிருந்து இரண்டு மணி. பாண்டிச்செல்வி மனசுக்குள் கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. சேவியர் எழுந்து போய்த் தள்ளுவண்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தார்ப்பாயின் அவிழ்ந்த கயிற்றை எடுத்து, கட்டத் தேவையில்லாத ஒரு முடிச்சைப் போட ஆரம்பித்தார்.

"தெனம் இத எடுத்து அமுக்கிப் பாப்பேன் தாயி. அவன் எங்கிட்டு அமுக்குவான்னு பாத்து வச்சிருந்தும் நேத்து வரைக்கும் காடு தொறக்கல. யாராச்சும் வந்தா சேதி சொல்லணும்ல. இம்புட்டு நாளா ஒருத்தரும் வரல. இன்னைக்கித்தான் ஒரு பிள்ள வந்து நிக்கிது, இங்க பாரு." சோலையம்மாள் போனை நீட்டினாள். "கீழ என்னமோ எழுத்து வருது. படி."

கூடாரத்துக்குள் இரண்டு பொம்மைகள் எதிரெதிரே நின்றன. ஒன்றின் தலைமேல் வெள்ளரிக்கா. மற்றொன்று நுஸைபாவுடையது. அடியில் வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

பாண்டிச்செல்விக்கு ஒரு நினைப்பு வந்தது. இந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வாயில் வருவதைச் சொல்லிவிடலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறது, வெளிநாட்டுப் பெண், இப்போதுதான் சேதி கிடைத்ததாம் என்று சொல்லலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சோலையம்மாள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது நாளாக வராத பதில் அது. அதில் கை வைக்க பாண்டிச்செல்விக்குத் துணிவு வரவில்லை.

படித்தாள்.

"அண்ணா, எங்க போயிட்டீங்க. அண்ணா, ஏன் பேச மாட்டேங்கிறீங்க. அன்னைக்கி நீங்க கூப்பிட்டத நான் பாத்தேன். வேலையா இருந்தேன். வரல. மன்னிச்சிருங்க."

தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. வந்தது, நிற்காமல் கடந்து போனது. வீட்டுக் கூரை அதிர்ந்து அடங்கியது.

"பாத்துச்சாமா?" என்றாள் சோலையம்மாள்.

"ஆமாம்மா."

"எந்த ஊருப் பிள்ள?"

"பேகம்பூரு."

"எந்தப் பேகம்பூரு? நம்ம திண்டுக்கல் பேகம்பூரா?"

"ஆமா."

 துபாய், சிங்கப்பூர் என்று ஏதோ ஒன்றை சோலையம்மாள் மனசில் வைத்திருந்திருக்க வேண்டும்.

"முக்கா மணி நேரம்தான ஆகும்," என்றாள்.

அவள் போனின் ஓரத்தில் இருந்த பொத்தானைத் தேடி அமுக்கினாள். திரை கறுத்தது. அரை நிமிஷத்தில் பாண்டிச்செல்வியின் போன் அடித்தது.

"அக்கா, பச்சை போயிருச்சு! நீங்க போயிட்டீங்களா? பாத்தீங்களா அவர?"

பாண்டிச்செல்வி வாசலை விட்டு இறங்கி, முட்டிக்கொண்டு நின்ற தார் ரோட்டில் நாலு எட்டு நடந்தாள். பிறகு சொன்னாள். பெயர், வயசு, தொழில், கேட், அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த அம்மா. க்ளெய்ம் ரிப்போர்ட் எழுதுவதுபோல வரிசையாக, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல்.  அந்தப் பக்கம் தையல் மெஷினில் நுஸைபாவின் அம்மா யாரையோ திட்டிக்கொண்டே எதையோ ஓட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் நுஸைபா கேட்டாள்:

"நான் ஒரு தடவ தொட்டு உள்ள போயிருந்தா, அந்தம்மா கத்துனது எனக்குக் கேட்டிருக்குமாக்கா?"

சாவு விசாரணைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்கள். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால், கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால். அப்போதெல்லாம் பாண்டிச்செல்வி சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள்: விதி, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

"கேட்டிருக்கும்," என்றாள்.

 பிறகு, யாருடையதோ போல ஒரு குரல்: "அந்தம்மாகிட்ட போனக் குடுங்கக்கா. ஒரே ஒரு வார்த்த."

பாண்டிச்செல்வி திரும்பி நடந்தாள். வாசற்படியில் குனிந்து போனை நீட்டினாள். "அந்தப் பிள்ளதாம்மா. உங்ககிட்டப் பேசணுமாம்."

சோலையம்மாள் அந்தப் போனைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து, அம்மா, அம்மா என்று சின்னதாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது கேட்டது.

"வேணாம் தாயி," என்றாள். "இனிமே வந்து என்ன செய்யப் போவுது."

முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். படிக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அடிபம்பைப் பார்த்து மெல்ல நடந்து போனாள். சேவியர் ஓடிப்போய்க் குடத்தை வாங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.